ஆனிமேரியும் ஆயிரத்துச் சொச்சம் செய்திகளும்

ஆனிமேரிக்கு எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், படித்து முடிக்காமல் கால் நகராது. வடை மடித்து வந்த காகிதத்தை எண்ணெய்க் கறையோடு விரித்துப் படிப்பாள். பஸ்ஸில் போகையில் ஒரு சுவரொட்டி பாதியில் ஓடிவிட்டால், மீதியைப் படிக்கவென்றே மறுநாள் அதே பக்கத்து ஜன்னலைப் பிடிப்பாள். இது ஒரு வியாதியா என்று கேட்டால், வியாதிதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த வியாதியின் புண்ணியத்தில் வேலைக்குப் போனவர்கள் மதுரைக் கோச்சடையில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

வைகைக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் அவளுக்கு எழுத்தர் வேலை. கணவர் ஞானமுத்து அதே பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஒரே ஒரு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்துவிட்டு, உலகம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று மடித்து வைத்துவிடுகிற மனிதர். பிள்ளைகள் இருவரும் வெளியூர் விடுதியில் படித்தார்கள். வீட்டில் மிஞ்சிய பொழுதையெல்லாம் ஆனிமேரி மாதா கோயில் நோட்டீஸ் போர்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் போர்டில் இடது பாதி சாமியாருடையது. பூசை நேரம், திருநாள் வரி, கல்யாண ஓலை எல்லாம் அங்கே இருக்கும். வலது பாதி ஆனிமேரியின் ராஜ்ஜியம். எங்கெங்கோ வரும் வேலை விளம்பரங்களைத் தேடி எடுத்து, கடைசித் தேதியைச் சிவப்பு மையில் கொட்டை எழுத்தாக எழுதி ஒட்டுவாள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது வழக்கமில்லையா, அதே கணக்கில் அவளுடைய விளம்பரங்களும் மூன்று ஞாயிறு போர்டில் இருக்கும். "கல்யாணத்தையே மூணு தடவ சொல்றாங்க. வேலைய ஒரு தடவ சொன்னா எவன் காதுல ஏறும்?" என்பது அவள் கட்சி.

முதலில் பேப்பரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பிறகு விளம்பரமெல்லாம் கம்ப்யூட்டருக்குக் குடிபோனது. இரண்டாயிரத்து ஆறில் ஒவ்வொரு நாளும் பள்ளி முடிந்ததும் கோச்சடை பஸ் நிறுத்தத்தில் இருந்த ஜெர்சனின் பிரௌசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்காருவாள். ஒரு நோட்டில் நாற்பது இணையதளங்களின் முகவரியை எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பார்த்தால் அதிகம். மறுநாள் பதின்மூன்றாவதிலிருந்து ஆரம்பிப்பாள். இப்படிச் சுற்றி வருவதற்குள் முதல் தளத்தில் நாலு நாள் ஓடியிருக்கும்.

அந்த நாலு நாளில்தான் தங்கப்பொண்ணுவுக்கு வரவேண்டிய வேலை கைநழுவியது.

தங்கப்பொண்ணு பிரௌசிங் சென்டருக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்றாள். லேப் டெக்னீசியன் படிப்புப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் தனியார் லேப் ஒன்றில் ரத்தம் எடுத்திருக்கிறாள். பிள்ளை பிறந்ததும் அந்த வேலை விட்டுப்போனது, பிறகு யாரும் கூப்பிடவில்லை. புருஷன் விருமாண்டி பரவைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். மதுரையிலேயே மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே லேப் டெக்னீசியன் வேலைக்கு முப்பத்தைந்து வயது வரை எடுப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. "எனக்கு ராத்திரி பகலா மிசின் முன்னாடி நிக்கவே நேரம் சரியா இருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா" என்று ஆனிமேரியிடம் பொறுப்பை விட்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆய்வுக்கூடத்தின் அறிவிப்பு வந்தது. ஆனிமேரியின் நோட்டில் அது முப்பத்தெட்டாவது முகவரி. அவள் முப்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தபோது கடைசித் தேதி முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். தங்கப்பொண்ணு மிஷின் மூடியைத் தூக்கியபடியே கேட்டுக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். "விடுங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். அடுத்த ஆளின் ரேஷன் கார்டை வாங்கி மிஷினில் கவிழ்த்தாள். அன்றைக்கு ஆனிமேரிக்குச் சோறு இறங்கவில்லை. ஞானமுத்து மீன் குழம்பின் பெருமையை எடுத்துச் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை.

அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இரண்டாயிரத்து ஏழு ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி தங்கப்பொண்ணுவுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குள் ஒரு அறிவிப்பு வந்து, அதை ஆனிமேரி பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஜெராக்ஸ்தான்.

மறுநாள் சாயந்திரம் நோட்டை ஜெர்சனின் மேஜையில் போட்டாள். "தம்பி, நான் ஒவ்வொரு வீடா போய்க் கதவத் தட்டிக்கிட்டு இருக்கேன். இவங்கள்லாம் புதுசா ஏதாச்சும் போட்டா என் வாசல்ல வந்து சொல்றதுக்கு வழி இல்லையா?"

ஜெர்சன் சி.எஸ்.ஐ. சபைக்காரன். காதில் மாட்டிய ஹெட்போனை ஆண்டவர் வந்தாலும் கழற்றமாட்டான். அன்றைக்குக் கழற்றினான். "இருக்குக்கா. ரீடர்னு சொல்லுவாங்க. சைட்ல இந்தா, ஓரத்துல ஆரஞ்சு கலர்ல குட்டியா ஒரு சதுரம் தெரியுதா? இது இருக்குற சைட்ட எல்லாம் ரீடர்ல சேத்து விட்டா, எது புதுசா வந்தாலும் தலைப்பு உங்களத் தேடி வந்துரும். நீங்க அலைய வேணாம்."

"இத ஏன் இம்புட்டு நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அதோட, நீங்க அரை மணி நேரம் உக்காந்தாத்தான எனக்கு யாவாரம்" என்றான் அந்த நல்லவன்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது பொண்ணு பார்க்கிற படலம். ஒரு ரீடரைத் தேர்ந்தெடுக்க ஆனிமேரி எடுத்துக்கொண்ட சிரத்தையை அவள் தன் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டாளா என்று ஞானமுத்து கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதலாவதைப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரிலேயே போட்டார்கள். ஆங்கிலத் தலைப்பெல்லாம் அழகாக வந்தது. தமிழ் வந்த இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக நின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சனி, ஞாயிறு பள்ளிக்குப் பூட்டு, ரீடரும் உள்ளே. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் சனிக்கிழமையே கடைசித் தேதி முடிந்த விளம்பரம் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு மாதத்தில் அதைத் தலைமுழுகினாள்.

இரண்டாவது, தலைப்புகளை ஈமெயிலில் அனுப்புகிற ஜாதி. மூன்றாம் நாளே பெட்டி பிதுங்கி, விடுதியிலிருந்து மகள் அனுப்பிய கடிதம் அந்தக் குவியலுக்குள் மாட்டிக்கொண்டது. அம்மா பதில் போடவில்லை என்று மகள் போனில் அழுதாள். அதையும் விட்டாள்.

மூன்றாவது இணையத்திலேயே இருந்தது. எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தாலும் திறந்தது. போன தடவை எதுவரை படித்தோம் என்பதை ஞாபகம் வைத்திருந்தது. படிக்காதது கறுப்பாகத் தடித்து நின்றது, படித்தது மெலிந்தது. ஜெர்சன் கடையின் புதுக் கம்ப்யூட்டரில் தமிழும் கட்டமில்லாமல் தெரிந்தது. ஆனிமேரி ஒரு வாரம் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றாள். ஓலை வாசிக்காத குறைதான்.

நாற்பது தளங்களையும் எப்படி அடுக்குவது என்று ஜெர்சன் கேட்டான். ரயில்வே, பேங்க், மருத்துவம் என்று பிரிக்கலாமே என்றான். ஆனிமேரிக்கு மனிதர்களை அப்படிப் பிரித்துப் பழக்கமில்லை. கோயிலைச் சேர்ந்த வீடுகளில் பத்துப் பதினைந்து சேர்ந்தது ஓர் அன்பியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயர். அந்தோனியார் அன்பியத்தில் ரயில்வேக்கு முயற்சிக்கிற பிள்ளைகள், சூசையப்பர் அன்பியத்தில் நர்ஸுகள். எனவே ரீடரிலும் அந்தோனியார், சூசையப்பர், செபஸ்தியார், ஆரோக்கியமாதா என்று அடுக்கு போட்டாள். தங்கப்பொண்ணு கோயில் பக்கமே வராதவள், அவளை எந்தப் புனிதரின் கீழே வைப்பது? கடைசியாக ஓர் அடுக்குப் போட்டு, 'தங்கப்பொண்ணு' என்றே பெயர் வைத்தாள். அதில் நாலே தளம். தினமும் அதைத்தான் முதலில் திறப்பாள்.

அந்த ஆறு மாதம் ஆனிமேரி பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. கால் மணி நேரத்தில் நாற்பதையும் பார்த்து முடித்து, படிக்காதது பூஜ்யம் என்று வரும்போது அப்பாடா என்றிருக்கும். பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்ட அடுப்படி மாதிரி இருக்கிறது என்று ஞானமுத்துவிடம் சொன்னாள். போர்டில் வலது பாதி நிரம்பி வழிந்து, சாமியாரின் பாதியிலும் நைசாக ஒரு சாண் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவளுக்கு இன்னொரு வியாதியும் உண்டு, அது இல்லை என்று சொல்லத் தெரியாத வியாதி. அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரத்தில், "அக்கா, உங்க ரீடர்ல எனக்கும் ஒண்ணு பாருங்க" என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தருக்கு வேளாங்கண்ணி ரயில். ஒருத்தருக்குப் பேரனுக்கு வைக்கப் பெயர். ஒருத்தருக்குக் கிரிக்கெட். பரவை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவருக்கு வெங்காய விலை. போதாததற்கு ஞானமுத்துவும் வெட்கத்தோடு வந்து, உலகம் முழுக்க நடக்கிற ஓவியக் கண்காட்சி பற்றி ஏதாவது கிடைக்குமா என்றார். ஆனிமேரி அத்தனைக்கும் ஆரஞ்சுச் சதுரம் தேடிப் பிடித்துச் சேர்த்தாள். நாற்பது நூற்றுப்பத்தானது. கிரிக்கெட் தளம் ஒன்று மட்டும் நாளைக்கு எண்பது தலைப்பு அனுப்பியது. இப்போதெல்லாம் பூஜ்யம் வருவதே இல்லை.

"செய்தி உன்னத் தேடி வருதுன்ன. இப்ப விரட்டிக்கிட்டுல்ல வருது" என்றார் ஞானமுத்து.

"உங்க கண்காட்சியும் அதுல இருக்கு. பேசாம இருங்க" என்றாள்.

இரண்டாயிரத்து ஏழில் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. வருஷாவருஷம் ஆனிமேரி ஒறுத்தல் என்று டீயை விடுவாள். அந்த வருஷம் தவக்காலத்தின் கடைசி வாரமான பெரிய வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரை விடுவதென்று முடிவு செய்தாள். அந்த வாரம் தொடங்குகிற குருத்து ஞாயிறன்று கடைசியாகப் பார்த்தாள், தங்கப்பொண்ணுவின் அடுக்கில் ஒன்றுமில்லை. பெரிய வாரத்தில் உலகத்தில் எவன் வேலைக்கு ஆள் எடுக்கிறான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அவள் பள்ளியில் அந்த வாரம் பேனாவைக்கூட யாரும் சத்தமாக வைக்க மாட்டார்கள். ஊரும் உலகமும் அப்படியே அடங்கிக் கிடக்கும் என்று நாற்பத்து மூன்று வயதுவரை நம்பியிருந்தாள்.

பெரிய வியாழனுக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். பெரிய வெள்ளி சிலுவைப்பாதை, சனிக்கிழமை பாஸ்கா பூசை, ஈஸ்டர் ஞாயிறு கறிக்குழம்பு. மனசு துடைத்துவிட்டது போல இருந்தது. திங்கள் பள்ளிக்கு விடுமுறை. காலையில் குளித்து, புதுச் சேலையோடு ஜெர்சன் கடைக்குப் போய் ரீடரைத் திறந்தாள்.

படிக்காதது: ஆயிரத்துக்கு மேல்.

எத்தனை என்று சொல்லக்கூட ரீடருக்கு மனமில்லை, ஆயிரத்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டிருந்தது. ஒவ்வோர் அடுக்கும் திறக்க ஒரு யுகம் ஆனது. பின்னால் இரண்டு பேர் இடத்துக்குக் காத்து நின்றார்கள். அப்போதுதான் மேலே ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் படித்ததாகக் குறி.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துப் பாவத்தை ஒரு கால் மணி நேரத்தில் சாமியார் மன்னித்து அனுப்பவில்லையா? பழசைப் போட்டு உழப்பிக்கொண்டிருக்காமல் புதிதாக ஆரம்பி என்றுதானே சொன்னார்? பெரிய வாரத்தில் வந்தது கிரிக்கெட்டும் வெங்காயமுமாகத்தான் இருக்கும். அமுக்கினாள். படிக்காதது பூஜ்யம். அவளுக்கு அல்லேலூயா பாட வேண்டும் போல இருந்தது. கடைசி அடுக்கை மட்டுமாவது ஒரு தரம் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, என்னத்தைச் சொல்ல.

புதன்கிழமை சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கியவளைத் தங்கப்பொண்ணு கூப்பிட்டாள். கடையில் கூட்டமில்லை. ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் சொன்னாள்: "நேத்தும் இன்னைக்குமா மூணு பேருக்கா, நான் படிச்ச அதே சர்ட்டிபிகேட்டக் கொண்டாந்து ரெண்டு ரெண்டு செட் எடுத்துட்டுப் போறாங்க. பாத்ததும் எனக்குச் சிரிப்பா வந்துச்சு. எதுக்குன்னு கேக்கல, கூட்டம்."

அப்படியானால் எங்கேயோ அறிவிப்பு வந்திருக்கிறது என்று ஆனிமேரிக்கு உறைத்தது. "இந்தா வாரேன்" என்று சொன்னாளோ இல்லையோ, பக்கத்துக் கடைக்குள் பாய்ந்தாள். "ஜெர்சன், திங்கக்கிழமை எல்லாத்தையும் அழிச்சுட்டேன்யா. ஒரு வாரத்தையும் அழிச்சுட்டேன்."

ஜெர்சன் ஹெட்போனைக் கழற்றினான். "என்னத்த அமுக்குனீங்க?" அவள் காட்டினாள். "இதுவா? இது அழிக்காதுக்கா. படிச்சாச்சுன்னு நெனச்சுக்கிரும், அம்புட்டுத்தான். எல்லாம் உள்ளதான் கெடக்கு." ஓரத்தில் ஏதோ ஒன்றைச் சொடுக்கினான். தங்கப்பொண்ணு என்ற அடுக்கு திறந்தது. மெலிந்த எழுத்தில், பெரிய வாரத்துப் புதன்கிழமை தேதியிட்டு ஒரே ஒரு வரி இருந்தது. ஆய்வுக்கூடம், லேப் டெக்னீசியன், இரண்டு இடம், வயது முப்பத்தைந்துக்குள், நேர்முகத் தேர்வு வியாழன் காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும்.

வியாழன் என்றால் நாளைக்கு.

மூன்று ஓலைக்கு ஏது நேரம்? ஒரே ஓலையாகக் கடை வாசலில் நின்று சொன்னாள். சான்றிதழ் பரவையில் தங்கப்பொண்ணுவின் அம்மா வீட்டுப் பெட்டியில் இருந்தது. விருமாண்டி ஏற்றியிருந்த சவாரியை இறக்கி வேறு ஆட்டோவில் விட்டுவிட்டுப் பறந்தான். ஜெர்சன் பயோடேட்டா அடித்தான், எழுத்துப் பிழையை ஆனிமேரி திருத்தினாள். ஞானமுத்து வந்து, யாரும் கேட்காமலே, கவரின் மேல் முகவரியை அச்சுப் போல எழுதிக் கொடுத்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு விருமாண்டி வந்து சேர்ந்தான். தங்கப்பொண்ணு தன் சான்றிதழைத் தானே மிஷினில் கவிழ்த்து, தனக்கே இரண்டு செட் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆனிமேரி பள்ளியில் ஒரு வேலையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் ஒருவரை இரண்டு தடவை விடுப்பில் போட்டாள்.

முடிவு தெரிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் அவள் ரீடரை ஒழுங்கு பண்ணினாள். பரவைக்காரரிடம், "அண்ணே, வெங்காய வெல உங்களுக்குத் தெரியாம எனக்கா தெரியப் போகுது?" என்று சொல்லிவிட்டு அதை எடுத்தாள். கிரிக்கெட்டை எடுத்தாள். பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்று, அதையும் எடுத்தாள். இல்லை என்று சொல்லிப் பார்த்தபோது யாரும் செத்துவிடவில்லை, ஒருத்தர் மட்டும் சுண்டல் குறைத்து வைத்தார். கடைசியில் முப்பத்தொன்று நின்றது. கண்காட்சி தப்பிப் பிழைத்ததற்கு ஞானமுத்துவின் முகம் காரணம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தங்கப்பொண்ணு வேலை உத்தரவுக் கடிதமும் கால் கிலோ அல்வாவுமாக வீட்டுக்கு வந்தாள். கடிதத்தை ஞானமுத்து முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். ஆனிமேரி அல்வாவைக் கையில் வாங்கினாள், வாயில் வைக்கவில்லை. சொல்லாமல் விட்டால் அது தொண்டையில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"தங்கம், உன்கிட்ட ஒண்ணு சொல்லல. திங்கக்கிழமையே அது என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. பாக்காமலே எல்லாம் படிச்சாச்சுன்னு அமுக்கிட்டுச் சந்தோசமா வீட்டுக்கு வந்துட்டேன். நீ அந்த சர்ட்டிபிகேட்டப் பத்திப் பேசலைன்னா, இந்தத் தடவையும் உனக்கு நான் மோசம் பண்ணிருப்பேன்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

தங்கப்பொண்ணு அல்வாப் பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நான் மட்டும் என்னவாம்? மூணு பேருக்கு என் கையால ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. எனக்குன்னு ஒரு அடுக்கு வச்சு, அதுக்கு எம்பேர எழுதி வச்சிருந்தீங்களாமே, ஜெர்சன் சொன்னாப்ல. எங்க வீட்ல கேஸ் புக்குல கூட எம்பேரு இல்லக்கா." சிரித்தாள். "விடுங்கக்கா."

ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே வாய் இதே சொல்லைச் சொன்ன அன்று ஆனிமேரிக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞானமுத்துவின் பங்கையும் சேர்த்து மூன்று துண்டு அல்வா சாப்பிட்டாள்.